கேளுங்க, அக்கா சொல்றேன்: சுவீடன் கிறிஸ்துமஸ் தொடரும் நம்ம வீட்டு ரகளையும்

போன மாசம் இந்தப் பக்கத்தோட ஓரத்துல ஒரு விஷயம் எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கும். சுவீடன்ல டிசம்பர் 1லேர்ந்து 24 வரைக்கும் தினம் ஒரு எபிசோடுன்னு பிள்ளைங்களுக்காக டிவில ஒரு தொடர் போடுவாங்க, அதுல 1991ல வந்தது 'சூனேஸ் யூல்', அதாவது சூனேயோட கிறிஸ்துமஸ், ஒரு கலாட்டா குடும்பத்தோட கதை, என் வீட்டுக்காரர் வேலைக்காக நாங்க உப்சாலாவில இருந்த ரெண்டு வருஷமும் என் பிள்ளைங்க அந்த டிவிடிய தேயத் தேய பாத்தாங்கன்னு எழுதினேன். அப்பா ருடால்ஃப் கையில காசு கரையக் கூடாதுன்னு ஏதாவது பிளான் போட்டுக்கிட்டே இருப்பார், அது சொதப்பும், அதையும் சொல்லியிருந்தேன். நாலு வரிதான். அதுக்கு வந்த கடிதத்தையும் வாட்ஸ்அப்பையும் பாத்துட்டு இந்த மாசம் முழுப் பக்கமும் இதுக்கே குடுத்துட்டேன். மாதவிடாய், மார்க் ஷீட், மாமனார் பென்ஷன் பத்திக் கேட்டவங்க கோச்சுக்காதீங்க, ஜனவரில கண்டிப்பா பதில் வரும்.

கேள்வி: அக்கா, எங்க புளோக்குல ஒரு சுவீடன் குடும்பம் இருந்தாங்க, ஊருக்குத் திரும்பும்போது நீங்க சொன்ன அதே டிவிடிய எங்க பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டுப் போனாங்க. பையனுக்கு 8, பொண்ணுக்கு 6. ரெண்டும் விழுந்து விழுந்து சிரிக்குதுங்க. ஆனா என் மாமியாருக்குப் பிடிக்கல. அப்பன் கஞ்சன், அக்காக்காரி மூஞ்சிய தூக்கி வெச்சிருக்கா, பெரியவன் பொண்ணுங்க பின்னாடி அலையுறான், சின்னவன் வீட்டையே தலைகீழா ஆக்குறான், இதெல்லாம் ஒரு குடும்பமா, இதப் பாத்தா நம்ம பிள்ளைங்க கெட்டுப் போகும், அந்தச் சின்னவனுக்கு முதுகுல ரெண்டு வெச்சா அடங்குவான்ங்கிறாங்க. நான் என்ன செய்ய?
(சிங்கப்பூர் செங்காங்லேர்ந்து ஒரு அம்மா)

பதில்: முதல்ல உங்க மாமியார் பக்கத்துலேர்ந்து பாப்போம்மா. அவங்க டிவிய சும்மா ஓட விட்டுட்டு அந்தப் பக்கம் போகாம, பேரப்பிள்ளைங்க என்ன பாக்குதுங்கன்னு பக்கத்துல உக்காந்து கவனிக்கிறாங்க பாருங்க, அதுக்கே அவங்கள கையெடுத்துக் கும்பிடணும், எத்தனை வீட்டுல பிள்ளை கையில டேப்லட்டக் குடுத்துட்டு யாருமே எட்டிப் பாக்குறதில்ல. அதனால அவங்க சொல்றத அடிச்சுப் பேசாதீங்க. ஆனா எனக்கு அந்தக் குடும்பத்தப் பத்தி வேற அபிப்பிராயம், அதையும் சொல்லிடுறேன்.

ஆண்டர்சன் குடும்பம். அப்பா ருடால்ஃப், அம்மா காரின், வயசுக்கு வந்த பொண்ணு அன்னா, நடுவுல சூனே, கடைக்குட்டி ஹோக்கான். அந்தக் கடைக்குட்டிக்கு 'ஹோக்கான் புரோக்கான்'னு பட்டப்பேரு, 'புரோக்'னா அவங்க பாஷையில ரகளை, சண்டை, நம்ம ஊர்ல 'வாலு'ன்னு சொல்ற மாதிரி. ஆண்டர்ஸ் யாக்கப்சன், சோரன் ஊல்சன்னு ரெண்டு பேர் சேர்ந்து எழுதின சூனே புத்தகங்கள்லேர்ந்து வந்தவங்கதான் இவங்க எல்லாரும். அந்த வாலு எவ்ளோ பேருக்குப் பிடிச்சுப் போச்சுன்னா 2003ல அவன் பேரிலேயே தனியா ஒரு கிறிஸ்துமஸ் தொடர் வந்துச்சு.

இப்ப நம்ம பிள்ளைங்க வேற என்ன பாக்குதுங்கன்னு யோசிங்க. ராத்திரி பாட்டிகூட உக்காந்து பாக்குற சீரியல்ல வர்ற குடும்பத்துல எல்லாரும் பட்டுச் சேலையோட தூங்கி பட்டுச் சேலையோட எந்திரிக்கிறாங்க, சோஃபாவில ஒரு துணி மடிக்காம கிடக்காது, சண்டைன்னா சாதா சண்டை கிடையாது, பால்ல விஷம், சொத்துப் பத்திரம், அது இல்லன்னா கோமா. பிள்ளைக்கு அதுல தன் வீடு எங்க தெரியும்? சூனே வீட்டுல நடக்குறது வேற மாதிரி. அப்பாவுக்குப் பணம் செலவு பண்ண மனசு வராது, அம்மாவுக்கு அலுப்பு, அக்காவுக்கு வயசுக் கோளாறு, தம்பிக்குத் தன்னை யாராச்சும் கவனிக்கணும். இதுல எது செங்காங்ல இல்ல?

உப்சாலாவில நடந்தது ஒண்ணு சொல்றேன். டிசம்பர்ல அங்க மதியம் மூணு மணிக்கெல்லாம் இருட்டிடும், நாலு மணிக்கு ஜன்னலப் பாத்தா நடு ராத்திரி மாதிரி இருக்கும். என் பையனுக்கு அப்ப ஏழு வயசு, கம்பளி சாக்ஸ் போட்டுக்கிட்டு தரையில குப்புறப் படுத்து இதப் பாத்துக்கிட்டிருந்தான். ருடால்ஃப் பைசா மிச்சம் புடிக்க ஏதோ செஞ்சுக்கிட்டிருந்தார், இவன் திடீர்னு திரும்பி தன் அப்பாவப் பாத்தான். அவர் என்ன பண்ணிக்கிட்டிருந்தார் தெரியுமா, போன வருஷம் வந்த பரிசுங்களோட கலர் பேப்பரையெல்லாம் பத்திரமா எடுத்து வெச்சிருந்து, அயர்ன் பாக்ஸ குறைஞ்ச சூட்டுல வெச்சு, மேல ஒரு வேட்டித் துணிய விரிச்சு, ஒவ்வொரு மடிப்பா நீவி நீவி நேராக்கிக்கிட்டிருந்தார். பையன் ஒண்ணும் பேசல. டிவியப் பாத்தான், அப்பாவப் பாத்தான், மறுபடி டிவியப் பாத்தான், அப்புறம் எந்திரிச்சுப் போய் பேப்பரோட மறுமுனைய இழுத்துப் புடிச்சுக்கிட்டு நின்னான். அவர் தேய்ச்சு முடிக்கிற வரைக்கும் கைய எடுக்கல. அந்தத் தொடரைத் தடுக்கணும்னு எனக்கு அப்புறம் ஒரு நாளும் தோணல.

அடி விஷயம். சுவீடன்ல பிள்ளைங்கள அடிக்கிறத 1979லயே சட்டம் போட்டு நிறுத்திட்டாங்க, வீட்டுல அப்பா அம்மா கூட கை வைக்கக் கூடாது, உலகத்துலயே முதல்ல இத செஞ்ச நாடு அதுதான். அதனால ஹோக்கானுக்கு முதுகுல ரெண்டு விழுகலன்னா அவன் அப்பா அம்மா கண்டுக்கலன்னு அர்த்தம் கிடையாது, அந்த ஊர்ல பிள்ளைய வேற வழியிலதான் வழிக்குக் கொண்டு வரணும், அது எவ்ளோ பெரிய போராட்டம்ங்கிறதும் அந்தக் கலாட்டாவுக்குள்ள இருக்கு. இத உங்க மாமியார்கிட்ட பாடம் நடத்துற மாதிரி சொல்லாதீங்க. அத்தை, நீங்க வளர்க்கும்போது இவர் எப்படி இருந்தார், இந்த வாலு மாதிரியா, இல்ல இதவிட மோசமான்னு கேட்டுப் பாருங்க. அப்புறம் டிவிய நிறுத்திட்டு பிள்ளைங்க பாட்டி வாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும்.

கேள்வி: ஒரு நாளைக்கு ஒரு எபிசோடு, அதுவும் கால் மணி நேரம்தான்னு எழுதியிருந்தீங்க. இந்தக் காலத்துல அது முடியுமா? எங்க வீட்டுல ஸ்கூல் ஹாலிடேல ஒரு கார்ட்டூன் ஆரம்பிச்சா முழு சீசனும் முடிச்சாதான் எந்திரிக்கிறாங்க, நடுவுல நடுவுல பொம்மை விளம்பரம் வேற, ஒவ்வொண்ணையும் வாங்கித் தரச் சொல்லி அழுகை.
(பொங்கோல் அப்பா)

பதில்: முடியும் தம்பி, ஆனா அவங்களுக்கும் அது திடீர்னு வந்துடல. 1934ல சுவீடன்ல பொண்ணுங்களோட சாரணர் சங்கத்துக்காக ஐனா ஸ்டென்பெரி மாசோல்ன்னு ஒரு ஓவியர் அம்மா ஒரு காகித காலண்டர் வரைஞ்சு குடுத்தாங்க, டிசம்பர் முதல் தேதிலேர்ந்து தினம் ஒரு சின்னக் கதவத் திறந்தா உள்ள ஒரு படம். 1957ல ரேடியோ அத எடுத்துக்கிட்டு தினம் ஒரு கதை சொல்ல ஆரம்பிச்சாங்க. 1960ல டிவி வந்து சேந்துச்சு, முதல் தொடர் பேரு 'டிட்டெலிட்யூர்'. அன்னிலேர்ந்து ஒவ்வொரு டிசம்பரும் உண்டு, இதுக்கு மொத்தமா 'யூல்கலேண்டர்'னு பேரு, யூல்னா கிறிஸ்துமஸ். காலையில பிள்ளைங்க பள்ளிக்கூடம் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ போடுவாங்க, சாயங்காலம் மறுபடி போடுவாங்க. ரெண்டு தடவையும் உக்காந்து பாக்குற பிள்ளைங்க நிறைய, என் பொண்ணு அதுல ஒண்ணு.

டிவில ஓடுற கதைக்கும் அந்த வருஷம் கடையில விக்கிற காகித காலண்டருக்கும் தொடர்பு இருக்கும். கதவுக்கு 'லுக்கா'ன்னு பேரு. அந்தக் கதவு பாதி வெட்டி விட்டிருப்பாங்க, லேசுல வராது, நகத்த விட்டு ஓரத்த நெம்பணும், அவசரப்பட்டா பக்கத்துக் கதவும் சேந்து கிழிஞ்சுடும். என் பொண்ணு 9ம் தேதி கதவத் திறக்கப் போய் 14ம் தேதியையும் பிச்சுட்டா, உடனே கண்ண இறுக்க மூடிக்கிட்டு, அம்மா நான் பாக்கல, ஒட்டிடுன்னு கத்துனா. சோத்துப் பருக்கைய வெச்சு ஒட்டினோம். 14ம் தேதி காலையில அந்தக் காஞ்ச பருக்கையோட கதவத் திறந்து, முதல் தடவை பாக்குற மாதிரியே பாத்தா. நான் அவள யாரும் பாக்காதப்போ எட்டிப் பாக்காதேன்னு சொல்லவே இல்ல.

நம்ம ஆளுங்களுக்கு இது புதுசுன்னு நீங்க நினைக்கிறீங்க, அப்படி இல்ல. மார்கழி வந்தா திருப்பாவை 30 பாட்டு, நாளுக்கு ஒண்ணு. சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்ல விடியக் காலையில போய் நின்னு பாருங்க, முப்பதையும் ஒரே நாள்ல பாடி முடிச்சுட்டு மிச்ச நாளெல்லாம் தூங்கலாம்னு யாரும் கேக்குறதில்ல. கொலுவுக்கு ஒன்பது நாள், இன்னிக்குக் கொண்டைக்கடலை, நாளைக்குப் பாசிப்பயறுன்னு தினம் ஒரு சுண்டல். டிசம்பர்ல பாதி மார்கழிதான், மழையும் விடாம பெய்யும், பிள்ளைங்க வீட்டுக்குள்ளயே கிடக்கும், ஒண்ணு ஒண்ணா குடுக்க இதவிட நல்ல நேரம் கிடைக்காது.

பொம்மை விளம்பரம் பத்திச் சொன்னீங்களே, அதுலதான் எனக்கு அவங்க மேல ரொம்ப மரியாதை. 12 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்கள குறி வெச்சு டிவி விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு அந்த நாட்டுல சட்டமே இருக்கு. இந்தத் தொடரை ஒளிபரப்புற எஸ்விடி பொதுமக்கள் பணத்துல நடக்குற சேனல், விளம்பர இடைவேளையே கிடையாது. பரிசு வாங்குற மாசத்துல, பரிசு பத்தின கதைய, வாங்கு வாங்குன்னு யாரும் காதுல ஓதாம ஒரு பிள்ளை பாத்து முடிக்குது. நம்ம கையில இருக்கிறது அந்தச் சட்டம் இல்ல, ரிமோட்டுதான். டவுன்லோட் பண்ணி வெச்சு, கால் மணி நேரம் ஆனதும் நீங்களே நிறுத்துங்க, மூணு நாள் அழும், நாலாவது நாள் மணியப் பாத்து தானா வந்து உக்காரும், என் வீட்டுல அப்படித்தான் ஆச்சு.

கேள்வி: அக்கா நான் பிரைமரி 4. கிறிஸ்துமஸ் 25ம் தேதி தானே, அப்புறம் ஏன் அந்த சீரியல் 24ம் தேதியே முடிஞ்சிடுது? ஒரு நாள் கம்மியா இருக்கே.
(ஜூரோங் வெஸ்ட் குட்டி வாசகி)

பதில்: கண்ணு, கரெக்டா கணக்குப் போட்டிருக்க! அவங்களுக்குப் பெரிய நாளே 24ம் தேதிதான். நம்ம ஆர்ச்சர்ட் ரோட்டுல 25ம் தேதிய எதிர்பாத்து விளக்கு எரியும், அங்க 24ம் தேதி சாயங்காலமே பரிசப் பிரிச்சுடுவாங்க. காலையில கடைசிக் கதவு, கடைசி எபிசோடு. அப்புறம் மதியம் மூணு மணிக்கு டொனால்ட் டக் கார்ட்டூன் ஒரு மணி நேரம் போடுவாங்க, 1960லேர்ந்து வருஷா வருஷம் கிட்டத்தட்ட அதே கார்ட்டூன்தான், தாத்தா பாட்டியெல்லாம் அடுத்த வசனம் என்னன்னு முன்னாடியே சொல்லுவாங்க. எங்க பக்கத்து வீட்டுத் தாத்தா அந்த ஒரு மணி நேரம் போன் அடிச்சாக்கூட எடுக்க மாட்டார். நடுவுல 13ம் தேதி லூசியா வரும், வெள்ளை உடுப்பு, தலையில மெழுகுவத்தி கிரீடம், குங்குமப்பூ போட்ட மஞ்சள் பன்னு, அதுல ரெண்டு திராட்சை. அந்தப் பன்னோட வாசனைக்கு எனக்கு நம்ம கேசரி ஞாபகம் வந்து அழுகையே வந்துடுச்சு.

கேள்வி: நாங்க சைவக் குடும்பம். வீட்டுல கிறிஸ்துமஸ் காலண்டர் மாட்டலாமா, சாமி கோச்சுக்குமான்னு என் அம்மா கேக்குறாங்க.
(ஈசூன்)

பதில்: மாட்டலாம்மா. அந்தத் தொடர்ல பாதி கதையில சாமியே வராது, குட்டிச்சாத்தான் மாதிரி தாடி வெச்ச 'தோம்தே', பூதம், பேய், துப்பறியும் கதை, 1996ல ஒரு குடும்பம் பழைய கோட்டையில போய் கிறிஸ்துமஸ் கொண்டாடப் பாத்து அங்க பேய் இருந்த கதை, இப்படித்தான் இருக்கும். மனசு இன்னும் ஒப்பலன்னா மார்கழி 1லேர்ந்து தை 1 வரைக்கும் நீங்களே ஒரு அட்டைல கதவு வெட்டி, உள்ள பிள்ளையார், கோலம், கரும்பு, பொங்கப் பானைன்னு வரைஞ்சு மாட்டுங்க. அம்மாவையே வரையச் சொல்லுங்க.

கேள்வி: நான் பாலர் பள்ளி ஆசிரியை. என் தங்கச்சி ஸ்டாக்ஹோம்ல இருக்கா, அவ பையன் 2021ல வந்த ஒரு தொடரப் பத்தியே பேசிக்கிட்டிருக்கான், குடும்பமே திருட்டுக் குடும்பமாம். அப்பா அம்மா திருடுறாங்க, பொய் சொல்லச் சொல்லிக் குடுக்குறாங்க. பொதுச் சேனல் எப்படி இத பிள்ளைங்களுக்குப் போட்டுச்சு? எனக்கு உண்மையிலயே அதிர்ச்சியா இருக்கு.
(புக்கிட் பாத்தோக்)

பதில்: டீச்சர், நீங்க அதிர்ச்சி ஆகுறது சரிதான், நானும் முதல்ல பேரக் கேட்டுட்டு அப்படித்தான் ஆனேன். அது 'கினிக்கெர்ட்ஸ் குடும்பத்தோட ஒரு நாணயமான கிறிஸ்துமஸ்'னு அர்த்தம் வர்ற தலைப்பு. 'கினிக்கா'ன்னா லவட்டுறது, சுட்டுக்கிட்டுப் போறதுன்னு நாம சொல்றோமே அது. ஆண்டர்ஸ் ஸ்பாரிங் எழுதி, பேர் குஸ்தாவ்சன் படம் வரைஞ்ச புத்தகங்கள்லேர்ந்து எடுத்தது. தங்கச்சிப் பாப்பா பேரு 'கிரிமினெல்லன்', எல்லன்ங்கிற பேரையும் கிரிமினலையும் ஒண்ணா சேத்துட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரரே போலீஸ்காரர்!

ஆனா கதையோட நடுவுல இருக்கிறவன் தூரேங்கிற பையன். அவனால திருட முடியாது, பொய் வாயில வராது. அதனால அப்பா அம்மாவுக்குத் தலைவலி, நம்ம பிள்ளை ஏன் இப்படி நல்லவனா பொறந்துட்டான்னு. இத நீங்க எங்கயோ கேட்டிருக்கீங்க இல்ல? பிரகலாதன் கதைய நம்ம பாலர் பள்ளிலயே சொல்றோமே டீச்சர். இரணியன் வீட்டுல நாராயணான்னு சொல்ற பிள்ளை. எந்தப் பிள்ளையும் இரணியன் பக்கம் சாயுறதில்ல. கதை கேக்குற பிள்ளைக்கு யார் பக்கம் நிக்கணும்னு நல்லாவே தெரியும்.

ஒரு வித்தியாசம் இருக்கு, எனக்கு அதுதான் முக்கியமாப் படுது. இரணியன் மகன மலையிலேர்ந்து உருட்டி விட்டான். இங்க அந்தத் திருட்டு அப்பாவும் அம்மாவும் தூரேய வெறுக்கிறதே இல்ல, அவங்களுக்கு அவன் புரியல, ஆனா அவன் மேல உசுரு. வீட்டோட வழிக்கு நேர் எதிரா ஒரு பிள்ளை நிக்குது, வீடு அவன வெளிய தள்ளல. நம்ம வீடுகள்ல டாக்டருக்குப் படின்னு சொன்னா டான்ஸ் ஆடணும்ங்கிற பிள்ளை இருக்கு, சாமி கும்பிடுன்னா கேள்வி கேக்குற பிள்ளை இருக்கு. உங்க வகுப்புலயும் ரெண்டு மூணு தூரே இருப்பாங்க டீச்சர், சுத்தி எல்லாரும் ஒரு பக்கம் போகும்போது தான் மட்டும் ஓரமா நிக்கிற பிள்ளைங்க. உங்க தங்கச்சி பையன் போன் பண்ணும்போது உனக்கு யாரப் பிடிக்கும், ஏன்னு கேட்டுப் பாருங்க, அவன் என்ன சொன்னான்னு எனக்கு எழுதுங்க, நான் நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேக்குறேன்.

கேள்வி: என் பேரன் அந்த சூனே குடும்பக் கதைய மாமா வீட்டுல பாத்தானாம். அது சுவீடன் பாஷை, இவனுக்கு ஒரு வார்த்தை தெரியாது, ஆனா முழுக் கதையும் தெரிஞ்ச மாதிரி சிரிக்கிறான். இது எப்படி? அதோட இவன் என்கிட்ட இங்கிலீஷ்லதான் பேசுறான், தமிழ்ல கேட்டா தலைய மட்டும் ஆட்டுறான். ஒரு கிழவியோட ஆதங்கம் இது.
(ஊட்லண்ட்ஸ் பாட்டி)

பதில்: அம்மா, கிழவின்னு சொல்லாதீங்க. அவன் எப்படிப் புரிஞ்சுக்கிறான்னா, அப்பா ஜேப்பத் தடவிப் பாத்துட்டு முகத்தச் சுளிச்சா அதுக்கு எந்த ஊர்லயும் ஒரே அர்த்தம்தான், அக்கா கதவ டமால்னு சாத்துனா அதுக்கு சப்டைட்டில் எதுக்கு.

ரெண்டாவது சொன்னீங்களே, அது என் மனசுல ரெண்டு நாளா கிடக்கு. சிங்கப்பூரோட 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல, வீட்டுல அதிகமாப் பேசுற மொழி தமிழ்னு சொன்னவங்க 2.5 சதவீதம்தான், பத்து வருஷத்துக்கு முன்னாடி அது 3.3. அந்தக் குறைஞ்ச கணக்குக்குள்ள உங்க வீட்டு சோஃபாவும் இருக்கு, என் வீட்டு சோஃபாவும் இருக்கு. அதனால ஒரு வழி சொல்றேன், நான் செஞ்சு பாத்தது. அவன் பாத்த கதைய உங்களுக்குத் தெரியாத மாதிரி கேளுங்க, உண்மையிலயே தெரியாதுதானே. எனக்கு இங்கிலீஷும் வராது சுவீடனும் வராது சாமி, அந்தக் குட்டிப் பய என்ன பண்ணான்னு பாட்டிக்குத் தமிழ்ல சொல்லுன்னு கேளுங்க. 'அவன் அந்த கேக்க கீழ தள்ளிட்டான்'னு தப்பும் தவறுமா வரும், நடுவுல ஆறு இங்கிலீஷ் வார்த்தை விழும், திருத்தாதீங்க. அடுத்து என்ன ஆச்சுன்னு மட்டும் கேளுங்க. பாஷை தெரியாத தொடர்ல ஒரு பெரிய வசதி இருக்கு பாருங்க, வசனத்த அப்படியே ஒப்பிக்க முடியாது, வார்த்தைய அவனேதான் தேடணும், தேடும்போது பக்கத்துல இருக்கிற தமிழ்க்காரி நீங்க ஒருத்திதான். என் பையன் உப்சாலாவிலேர்ந்து வந்தப்போ ஸ்கூல் தமிழ்ல தடுமாறினான், ஆனா எங்க அம்மாவுக்கு ஹோக்கான் கதை சொல்லிச் சொல்லியே 'முழிச்சான்', 'நழுவிட்டான்', 'மாட்டிக்கிட்டான்'னு வார்த்தைங்க வந்துச்சு. எங்க அம்மா அவன 'இவன்தான் ஹோக்கான்'னு இன்னிக்கும் சொல்லிக்கிட்டிருக்காங்க, பாவம் அந்தப் பேர அவங்க 'ஓக்கான்'னுதான் சொல்லுவாங்க.

கேள்வி: அக்கா, நீங்க எழுதினத என் மனைவி சாப்பாட்டு நேரத்துல சத்தமா படிச்சா. காசு மிச்சம் புடிக்க பிளான் போட்டு சொதப்புற அப்பான்னு வந்ததும் என் பெரிய பையன், 12 வயசு, "அப்பா, அது நீங்கதான்"னு சொல்லிட்டான். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். ஆனா ராத்திரி தூக்கம் வரல. நான் ஷிப்ட் டெக்னீஷியன். இந்தத் தீபாவளிக்கு எல்லாரையும் மலேசியாவுக்கு, ஜோகூருக்குக் கூட்டிட்டுப் போறேன், அங்க துணி சல்லிசு, சாப்பாடு சல்லிசுன்னு சொல்லி வாடகைக் கார் எடுத்து, எல்லை தாண்டுற காஸ்வே ரோட்டுல நாலு மணி நேரம் மாட்டி, சின்னவ கார்லயே வாந்தி எடுத்து, அங்க போய்ச் சேரும்போது கடை சாத்துற நேரம். போன வருஷமும் இப்படி ஒண்ணு. நான் என்ன செஞ்சாலும் அது கேலிக்கூத்தா முடியுது. பிள்ளைங்க மனசுல எனக்கு என்ன மதிப்பு இருக்கும்?
(தெம்பனிஸ்)

பதில்: தம்பி, உங்க கடிதத்த மூணு தடவ படிச்சேன். நான் எழுதின நாலு வரியால உங்க தூக்கம் போச்சுன்னா அதுக்கு முதல்ல மன்னிச்சுக்குங்க.

அந்த ருடால்ஃப பத்தி நான் சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு. அவரா நடிச்சவர் பீட்டர் ஹாபர். 1997லேர்ந்து அவர் மார்ட்டின் பெக்ங்கிற போலீஸ் அதிகாரியா படம் படமா வந்தார், கம்பீரமான ஆளு, கொலைய துப்பறியுற மூஞ்சி. ஆனா 1991ல அவரப் பாத்து வளர்ந்த பிள்ளைங்க, இப்ப நாப்பது வயசு தாண்டினவங்க, அவரப் பத்திப் பேச ஆரம்பிச்சா முகம் மலர்ந்து முதல்ல சொல்றது ருடால்ஃப்தான். உப்சாலாவில என்கூட சுவீடிஷ் வகுப்புல உதவிக்கு இருந்த பொண்ணு சொன்னா, எங்க அப்பா அச்சு அசல் அவர்தான்னு. சொல்லும்போது அவ கண்ணப் பாத்தேன், அது மதிப்பு இல்லாத ஆள பத்திப் பேசுற கண்ணு இல்ல.

எங்க அப்பா கப்பல் பட்டறைல வெல்டர். தோ பாயோல மூணு ரூம் வீடு. ஒரு தீபாவளிக்கு சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையிலேர்ந்து மூணு செட்டு சீரியல் லைட்டு வாங்கிட்டு வந்தார், மூணும் சேத்து அஞ்சு வெள்ளி, அதையே பத்து பேர்கிட்ட சொல்லிட்டார். முந்தின நாள் ராத்திரி மூணையும் ஒரே பிளக்குல சொருகினார். டப்புன்னு ஒரு சத்தம், வீடு முழுக்க இருட்டு. அடுப்புல எண்ணெய் காயுது, முறுக்கு பாதி உள்ள பாதி அச்சுல, எங்க அம்மா போட்ட சத்தம் கீழ் மாடி வரைக்கும் கேட்டிருக்கும். அப்பா முக்காலி மேல ஏறி, வாயில டார்ச் லைட்டக் கவ்விக்கிட்டு ஃபியூஸ் பெட்டியத் துழாவினார், டார்ச் வெளிச்சம் அவர் மூச்சுக்கு ஏத்த மாதிரி சுவத்துல ஆடுச்சு. பக்கத்து வீட்டு மக்சிக், மலாய்க்கார அம்மா, ஒரு மண்ணெண்ணெய் விளக்கத் தூக்கிட்டு வந்தாங்க. அந்த வெளிச்சத்துல வெந்ததா வேகலையான்னு தெரியாம எடுத்த முறுக்கு, வெளிய கருப்பு, உள்ள மாவு. அப்பா அத ஒண்ணு எடுத்துக் கடிச்சார். ஒண்ணும் சொல்லல. இன்னொண்ணு எடுத்தார். அன்னிக்கு ராத்திரி முழுக்க யார்கூடயும் பேசல, காரிடார்ல உக்காந்து அந்த ஒயரப் பிரிச்சுக்கிட்டே இருந்தார். காலையில எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு வெளிய வந்தா ஒரு செட்டு மட்டும், அதுலயும் பாதி பல்புதான், வாசல்ல எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு.

அவர் போய் பதினோரு வருஷம் ஆச்சு தம்பி. நாங்க நாலு பேரும் தீபாவளிக்கு ஒண்ணா சேந்தா முதல்ல எடுக்கிற பேச்சு அந்த முறுக்குதான். உடைஞ்ச பல்ப வெச்சு விடிய விடிய உக்காந்திருந்தார்னு எங்களுக்குத் தெரியும், அன்னிக்கே தெரியும், பிள்ளைங்க எங்களுக்குச் சொல்லத்தான் தெரியல. நாங்களும் சிரிச்சுட்டுத் தூங்கப் போயிட்டோம், அவர் ஒயரோட உக்காந்திருந்தார். இப்ப உங்க பையன் சிரிச்சுட்டுத் தூங்கப் போனான், நீங்க முழிச்சுக்கிட்டிருக்கீங்க.

அதனால ஒண்ணு செய்ங்க. டிசம்பர் லீவு முடியறதுக்குள்ள ஷிப்ட் இல்லாத ஒரு வார நாளப் பாருங்க, சனி ஞாயிறு வேண்டவே வேண்டாம், மறுபடி ஜோகூருக்குக் கிளம்புங்க. கார் வேண்டாம், ஊட்லண்ட்ஸ்லேர்ந்து ரயில் இருக்கு, அஞ்சே நிமிஷத்துல அந்தப் பக்கம், ஆனா டிக்கெட் சீக்கிரம் தீந்துடும், முன்னாடியே புக் பண்ணணும். அந்த புக்கிங்க பையன் கையில குடுத்துடுங்க. எத்தன மணி ரயில், எங்க சாப்பிடுறது, எவ்ளோ செலவு பண்றது எல்லாம் அவன் பிளான் போடட்டும், நீங்க கேள்வி கேக்காம பின்னாடி போங்க. சின்னவளுக்கு ஒரு பிளாஸ்டிக் பை, ஒரு புளிப்பு மிட்டாய் மட்டும் நீங்க ஜேப்புல வெச்சுக்கங்க.